சுக்கானுக்கு ரிவெட்: அழுத்துவதா, அடிப்பதா?

வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாலில்தான் கைவைக்கிறார்கள். அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் விற்கும் ஆர்வி கிட்டுகளிலும் வழக்கமாக முதலில் வாங்குவது வால் பகுதியைத்தான். சுக்கானும் எலிவேட்டரும் அதிலேயே வந்துவிடும். கை பழகாத நேரத்தில், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமே உள்ள அலுமினியத் தகட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பாப் ரிவெட்டா, திட ரிவெட்டா என்பது கிட் வாங்கும்போதே முடிவாகிவிடும். ஜெனித் சிஎச் 750, ஆர்வி-12 இரண்டும் பெரும்பாலும் பாப் ரிவெட் விமானங்கள். ஒரு பக்கம் நின்று இழுத்தால் போதும், துணைக்கு ஆள் வேண்டாம். மிசௌரி மாநிலத்தில் ஜெனித் நடத்தும் பட்டறை வகுப்பில் இரண்டே நாளில் ஒரு சுக்கானைக் கட்டிவிடுகிறார்கள். ஆர்வி-7, ஆர்வி-8 வாங்கினால் திட ரிவெட்தான். தலை தகட்டோடு தகடாகப் படியும், பார்க்க அழகு. பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

திட ரிவெட்டில் என் முதல் ஓட்டு, ரிவெட்டை இருபுறமும் கவ்வி அழுத்தும் ஸ்குவீசருக்கு. அதன் வாய் எட்டும் ஓரங்களில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். 3/32 அங்குல ரிவெட்டின் வால் நசுங்கி, அகலம் ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கும் உயரம் விட்டத்தில் பாதியும் ஆக வேண்டும். ஒருமுறை சரியாகத் திருகி வைத்துவிட்டால், அதே கனத்துக்கு ஸ்குவீசர் ஒரே மாதிரி நசுக்கித் தரும்.

தகட்டின் நடுவில் வரும் விறைப்புப் பட்டைகளுக்கு ஸ்குவீசர் எட்டாது. தலையில் அடிக்கும் ரிவெட் கன்னும், மறுபக்கம் வாலைத் தாங்கும் பக்கிங் பார் என்னும் உலோகக் கட்டியும் எட்டும். ஆனால் வெளிப்புறத்தில் கன் ஒருமுறை வழுக்கினால் பிறை வடிவப் பள்ளம் நிச்சயம். புட்டி பூசி மறைக்கலாமே என்றால், கீலுக்குப் பின்னால் கூடும் ஒவ்வொரு கிராமும் ஃப்ளட்டர் என்னும் அதிர்வுக்கு இடம் கொடுக்கும். முன்முனையில் ஈயம் வைத்துச் சமன் செய்வதே அதைத் தடுக்கத்தான். ஆகவே இங்கே தலைகீழாக அடிப்பதே மேல். ரிவெட்டுகளைச் செருகி, டேப் ஒட்டி, தலைப்பக்கம் கீழே இருக்கும்படி வழவழப்பான எஃகுப் பலகையில் கிடத்தி, உள்பக்கத்திலிருந்து வாலை அடிக்க வேண்டும். வெளிமுகம் கண்ணாடி போல நிற்கும். பலகை எங்கே முடிகிறது என்று மேஜையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பலகைக்கு வெளியே விழுந்த ஒரே ஒரு ரிவெட் தகட்டையும் மேஜைக்குள் இறக்கிவிடும்.

பின்விளிம்பில் ஆப்புப் பட்டையை ஒட்டப் பலர் இருபுறப் பசை டேப்பை விரும்புகிறார்கள். காத்திருக்க வேண்டாம்தான். ஆனால் ஒட்டியது ஒட்டியதுதான், நகர்த்த முடியாது. நேரான அலுமினியக் கோணத்தோடு கிளெக்கோ என்னும் தற்காலிகக் கவ்விகள் போட்டு இறுக்கி, எரிபொருள் தொட்டிக்குப் பூசும் சீலன்ட்டால் ஒட்டி, நன்றாக இறுகும்வரை விட்டுவிடுவது எனக்கு உசிதமாகப் படுகிறது. அனுமதிக்கும் வளைவு 0.1 அங்குலம்தான். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டே போனால் விளிம்பு வாழைப்பழமாகிவிடும். பத்துக்கு ஒன்றாகத் தாவித் தாவி அடித்து, பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள்.

கொஞ்சம் கோணிய ரிவெட்டைக் கண்டதும் துளையிட்டு எடுக்கக் கை பரபரக்கும். இவ்வளவு மெல்லிய தகட்டில் ஓட்டை பெரிதாகிவிடும் ஆபத்தே அதிகம். பெரும்பாலும் விட்டுவிடுவது நல்லது.

எலிவேட்டரின் முன்விளிம்பைச் சுருட்டி மூடிய பிறகு உள்ளே பக்கிங் பார் நுழையாது. ஆர்வியிலும் அங்கே பாப் ரிவெட்தான்.