தோள் மூட்டுத் தேய்வும் மாற்று மூட்டுக்குப் பின் பயிற்சியும்

தறியில் அமர்வோர்க்கும் மண்வெட்டி பிடிப்போர்க்கும் தோளே மூலதனம். ஆயினும் தோள்வலி யாவும் மூட்டுத் தேய்வன்று. காரணம் அறிந்தே சிகிச்சை பெறல் வேண்டும்.

தாமாகக் கையை உயர்த்த இயலாமல், பிறர் உயர்த்தினால் உயருமாயின் தசைநார் கிழிந்திருக்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கியபின், பிறர் முயன்றும் கை வெளிப்புறம் திரும்பாவிடில், மூட்டுறை இறுகியிருக்கலாம். அன்றி மூட்டே தேய்ந்திருக்கலாம். இவ்விரண்டையும் எக்ஸ்ரே பிரித்துக் காட்டும். தேய்வில் எலும்புகளின் இடைவெளி குறுகி, ஓரங்களில் எலும்பு முட்கள் வளர்ந்திருக்கும். இறுக்கத்தில் படம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இறுக்கம் நாளடைவில் பயிற்சியால் பெரும்பாலும் தளரும். தேய்வு மருந்துக்கும் பயிற்சிக்கும் அடங்காதபோதே மாற்று மூட்டு தேவையாகும்.

அறுவைக்குப் பின் பாதிப்பணி நோயாளியுடையது. பொதுவாக 4 முதல் 6 வாரம் கை தூக்குக்கட்டில் இருக்கும். குனிந்து கையை ஊசல்போல் ஆட்டுதலும், மறுகையின் துணையால் உயர்த்துதலும் மருத்துவர் குறித்த அளவில் செய்யத்தக்கவை. அக்கையை ஊன்றி எழுதலும் பாரம் தூக்குதலும் கூடா. அறுவையில் தைத்த தசைநார் ஆறுமுன் அறுந்துவிடக்கூடும். வலுவூட்டும் பயிற்சி ஏறத்தாழ 12 வாரத்துக்குப் பின்னரே தொடங்கும்.

வலி குறைந்ததும் கூலியை எண்ணித் தறியேறுவோர் தோளையே இழக்க நேரிடும். ஆதலின், அறுவைக்கு நாள் குறிக்குமுன்னரே சில மாதக் குடும்பச் செலவுக்கு வழி செய்துகொள்வது அங்கத்தினர் கடமையாகும்.