பி.எச். கோலைப் பேணும் முறை

மீன்தொட்டி வைத்துப் பேணுவோர்க்கு நீரின் வெப்பத்தை அறிதல் எளிது. கலங்கலை அறிதல் அதனினும் எளிது. ஆயின் அந்நீர் அமிலத்தின்பாற் பட்டதோ காரத்தின்பாற் பட்டதோ என்பதனைக் கண்ணும் கையும் உணரமாட்டா. அதனை எண்ணால் உரைப்பதே பி.எச். என்னும் அளவை. கோபன்ஹேகன் நகரிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்பார் 1909-ஆம் ஆண்டில் இதனை வகுத்தார். ஏழு நடுநிலை; அதனிற் குறைந்தது அமிலம்; மிகுந்தது காரம். ஓர் எண் ஏறினும் இறங்கினும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு மாறும். இதனை மறந்தோரே, "அரை எண் வேற்றுமைதானே" என்று வாளா இருப்பர்.

இவ்வெண்ணைக் காட்டும் மானியுடன் கம்பியாற் பிணைக்கப்பட்டு நீரில் தோயும் உறுப்பை மீன் வளர்ப்போர் புரோப் என்று வழங்குவர். யாம் ஈண்டு அதனைக் கோல் என்றே சுருங்கக் கூறுவோம். விளக்கு அணைந்தால் இருள் சூழ்வதால் அறிகின்றோம். கடிகாரம் நின்றால் முள் அசையாமையால் அறிகின்றோம். இக்கோலோ கெட்ட பின்னும் எண்ணைக் காட்டிக்கொண்டேயிருக்கும். இரண்டு தசம இடம் வரை காட்டுதலால் அவ்வெண் மெய்போலவே தோன்றும். நீதிமொழிகள் கள்ளத்தராசைக் கடிந்துரைக்கின்றது. வணிகன் அறிந்து செய்யும் அக்குற்றத்தை இங்கே கருவி அறியாமற் செய்கின்றது; இழப்பு மீனுக்கு.

நீர்ச்செடி வளர்க்கும் தொட்டிகள் சிலவற்றில் கரியமில வாயுவைக் குழாய்வழிச் செலுத்துவர். அவ்வாயு நீரிற் கரைந்து பி.எச். அளவைக் குறைக்குமாதலால், 6.8-க்கு இறங்கியவுடன் வாயுவைத் தானே அடைக்கும் கருவி ஒன்றைக் கோலுடன் இணைத்துவிடுவர். கோல் அரை எண் மிகுத்துக் காட்டுவதாயின், உண்மையில் 6.3-க்கு இறங்கும் வரை வாயு பாய்ந்துகொண்டேயிருக்கும். அரை எண் இறங்குதலாவது, நீரிலுள்ள கரியமில வாயு ஏறக்குறைய மும்மடங்காதல். மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் பிளந்து தவிக்கும், மானியோ 6.8 என்று அமைதியாக நிற்கும். இதற்கு மறுதலையாக, குறைத்துக் காட்டும் கோலை நம்பிக் காரப்பொருளை இடுவோரும் உளர். மீன்களின் கழிவினின்று தோன்றும் அம்மோனியா நீரில் இருவடிவாய் நிற்கும்; ஒன்று கொடிய நஞ்சு, மற்றது அத்துணைத் தீங்கற்றது. பி.எச். ஏழிலிருந்து எட்டுக்கு ஏறின் நஞ்சு வடிவின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும்.

கோல் கெடுவது எங்ஙனம் என்பதை அறிய அதன் அமைப்பை அறிதல் வேண்டும். நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்றுண்டு. மெல்லிய கண்ணாடியின் இருபுறத்தும் வேறுபட்ட நீர் நிற்பின் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1906-இல் கிரெமர் கண்டார். 1909-இல் ஹாபரும் கிளெமன்சீவிச்சும் அதனை அளவைக் கருவியாக்கினர். 25 பாகை செல்சியஸில் பி.எச். ஓர் எண் மாறுதற்கு 59 மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட மாறுதல் உண்டாம். ஆயினும் கண்ணாடி மின்னோட்டத்தைப் பெரிதும் தடுப்பதாகலின், இச்சிறு மின்விசையை அளத்தல் அரிதாயிருந்தது. கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க விரும்பிய நண்பர் ஒருவர் பொருட்டு, ஆர்னால்டு பெக்மன் என்னும் வேதியற் பேராசிரியர் 1934-இல் மின்விசையைப் பெருக்கும் வால்வுகளைச் சேர்த்து ஒரு மானியை ஆக்கினார். மீன் வளர்ப்போர் இன்று பயன்படுத்துவது அவ்வழி வந்ததே.

குமிழின் புறத்தே கண்ணாடி நீரை ஏற்று, கண்ணுக்குப் புலனாகாத மென்படலமாய் ஊறியிருக்கும். அவ்வூறலே அளக்கும் ஆற்றல் உடையது. குமிழின் அருகே நுண்துளை வாயில் ஒன்றுண்டு. கோலினுள்ளே நிறைந்த பொட்டாசியம் குளோரைடு கரைசல் அதன்வழி மிகச் சிறிதாக வெளியே கசிந்து நீரொடு மின்தொடர்பை நிலைநிறுத்தும். ஊறல் உலர்ந்தாலும், வாயில் அடைபட்டாலும், உட்கரைசல் நீர்த்துப்போனாலும் கோல் பொய்யுரைக்கத் தொடங்கும். இம்மூன்றையும் தடுத்தலே பேணுதல்.

மாணாக்கர் பெரிதும் தவறுவது முதலாவதிலேயாம். கோடை விடுமுறைக்குச் செல்லுங்கால் கோலைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் இட்டுச் செல்வர். சூன் மாதத்தில் மீண்டு வந்து, "புதுக்கோல் கெட்டுவிட்டதே" என்பர். வேறு சிலர், தூய்மையே நன்றெனக் கருதி வடித்த நீரில் அமிழ்த்தி வைப்பர். இதுவும் கேடே, வடித்த நீர் உட்கரைசலின் உப்பை வாயில்வழி இழுத்துக்கொள்ளும். வடித்த நீர் அலசுதற்கு உரியது, உறைதற்கு உரியதன்று. பொட்டாசியம் குளோரைடு 22 கிராமை வடித்த நீரிற் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கினால் தக்க சேமிப்புக் கரைசல் கிட்டும். கோலின் மூடியில் அதனை ஊற்றிக் குமிழும் வாயிலும் நனையுமாறு மூடிவைத்தல் வேண்டும். அஃது இல்லாவிடத்து பி.எச். 4 தாங்கல் கரைசல் உதவும். மூடியைச் சுற்றி வெண்ணிற உப்பு பூத்தல் இயல்பு, கழுவினால் நீங்கும். உலர்ந்துபோன கோலையும் உடனே எறிந்துவிட வேண்டா. சேமிப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் பல கோல்கள் உயிர்பெறும்.

இரவும் பகலும் தொட்டியிலேயே தோய்ந்திருக்கும் கோலுக்கு உலர்தல் என்னும் இடர் இல்லை, அடைபடுதலே இடர். ஆகலின் ஒளி மிகுதியாய்ப் படாத மூலையில், நீர் மெல்ல ஓடும் இடத்தில் அதனை நிறுத்துக. ஒளி படின் பாசி படரும். பாசியையும் வழும்பையும் சில துளி சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் போக்கும். சுண்ணப்படிவு கடல்நீர்த் தொட்டிகளில் மிகுதி; அதற்கு வினிகரில் அல்லது மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் நனைத்தல் போதும். எதனாற் கழுவினும், பின்னர் நன்கு அலசி ஒரு மணி நேரமேனும் சேமிப்புக் கரைசலில் ஊறவைத்த பின்னரே அளத்தல் தகும். குமிழைத் துணியால் தேய்த்தல் ஒருபோதும் ஆகாது. ஊறற்படலம் கீறுபடும், மின்னேற்றமும் தங்கும். மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தலே முறை.

கோலின் மெய்ம்மையைச் சோதிப்பது தாங்கல் கரைசல்களால். முதலில் ஏழு, பின்னர்க் கடல்நீர்த் தொட்டிக்காயின் பத்து, மென்னீர்த் தொட்டிக்காயின் நான்கு. ஒருமுறை ஊற்றியதைப் புட்டியில் மீளப் பெய்தல் கூடாது. பத்தாம் எண் கரைசல் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று விரைவிற் கெடும். சிக்கனம் கருதிப் பழங்கரைசலாற் கோலைத் திருத்துவோர் நல்ல கோலையே பொய்யனாக்குகின்றனர். மில்லிவோல்ட் காட்டும் மானியாயின் இன்னும் நன்று. ஏழாம் எண் கரைசலில் நல்ல கோல் சுழிக்கு அருகே நிற்கும். 30 மில்லிவோல்ட் விலகினால் அரை எண் பிழை என்று கொள்க. ஏழுக்கும் நான்குக்கும் இடையே 177 வரவேண்டும். கழுவி ஊறவைத்த பின்னும் 151-க்கு மேல் ஏறாதாயின் கோலின் ஆற்றல் 85 விழுக்காட்டினுங் குன்றியது. 85 விழுக்காட்டுக் கோலைத் திருத்தாமற் பயன்படுத்தின், உண்மை 8.2 ஆன கடல்நீரை 8.0 என்று காட்டும். மானியில் திருத்தி ஒருவாறு சரிசெய்யலாம் எனினும் அது நெடுநாள் நில்லாது. கருவியின்றி அறியும் குறி ஒன்றும் உண்டு. செடிகள் செறிந்த தொட்டியில் பி.எச். வைகறையிற் குறைந்தும் பிற்பகலில் மிகுந்தும் வரும். அத்தகைய தொட்டியில் பகலும் இரவும் ஒரே எண்ணில் நிற்கும் கோல் ஐயத்திற்கு உரியது.

கோலின் மறுமுனையிலுள்ள கம்பி இணைப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை. கண்ணாடி மின்னோட்டத்தைத் தடுக்கும் என்றோமன்றோ? அத்துணைச் சிறிய மின்விசை, இணைப்பில் சிறிது ஈரம் படினும் அவ்வழியே ஒழுகிவிடும். கோலில் உள்ள பிழையென்று கருதப்படுவன சில இவ்விணைப்பின் ஈரமே. அதனை உலர்ந்ததாகவும் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலாகவும் வைத்தல் வேண்டும்.

இத்துணை பேணினும் பெரும்பாலான கோல்கள் ஓரிரண்டு ஆண்டுகளே உழைக்கும். பேணாதவை சில திங்களில் முடியும். கடையில் உறங்கும் காலத்தும் கோல் முதுமை எய்துமாதலால், புதிது வாங்குவோர் பெட்டியின்மேல் உள்ள செய்த நாளையும் மூடியினுள் கரைசல் வற்றாதிருத்தலையும் பார்த்து வாங்குக.