இழப்பீடு என்பது கருணைத் தொகை அல்ல

கேள்வி: பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண், குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் இழப்பீடு பெற முடியுமா?
— வாசகி, மின்னி பே, அந்தமான்

பதில்: இல்லை. வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-வது பிரிவு அந்த வழியைத் தருகிறது. உச்ச நீதிமன்றம் ஏற்ற 2018-ஆம் ஆண்டுத் திட்டப்படி, பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய் வரை உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலைக் கையோடு வாங்கி வையுங்கள். அரசு, தனியார் எந்த மருத்துவமனையானாலும் இலவசமாகச் சிகிச்சை தந்தே ஆக வேண்டும்.

காத்திருப்பின் விலை என்ன என்பதற்கு தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியே சாட்சி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011-இல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023-இல் அதை உறுதிசெய்த சென்னை உயர் நீதிமன்றம், ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது; அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும், வேலையோ சுயதொழிலோ ஏற்படுத்தித் தரவும் உத்தரவிட்டது.

ஐ.நா. பொதுச்சபையின் 2005-ஆம் ஆண்டுத் தீர்மானமும் இதையே சொல்கிறது: பணம் மட்டும் போதாது, மறுவாழ்வு, பகிரங்க மன்னிப்பு, மறுபடி நடக்காது என்ற உத்தரவாதம் எல்லாம் சேர்ந்ததே பரிகாரம். கேட்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.