நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஒப்பந்ததாரரின் உரிமமும் பிணையும்

அமெரிக்காவில் வீடு கட்டவோ பழைய வீட்டைச் சீரமைக்கவோ ஆள் தேடுவோர், ‘உரிமமும் பிணையும் உடையவர்’ என்ற சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் பாதிக் கவலையை இறக்கி வைத்துவிடுகின்றனர். அத்தொழிலில் இறங்க நினைப்பவர்களோ அவ்விரண்டையும் பணம் கட்டினால் கைக்கு வரும் காகிதங்களாகக் கருதுகின்றனர். இரு தரப்பின் எண்ணமும் பிழையானது. நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே உரிமம் என்று ஒன்று அங்கே கிடையாது. டெக்சாஸில் பொது ஒப்பந்ததாரருக்கு மாநில அளவில் உரிமமே இல்லை. ஆகவே 1929இல் தோன்றிய உரிம வாரியத்தைக் கொண்டதும், விதிகளைத் தெளிவாக வகுத்திருப்பதுமான கலிபோர்னியா மாநிலத்தையே இங்கு எடுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

அங்கே பொதுக் கட்டட ஒப்பந்ததாரருக்கு உரியது ‘பி’ வகை உரிமம். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் வேண்டப்படுவது, கடந்த 10 ஆண்டுகளுக்குள் பெற்ற 4 ஆண்டுத் தொழில் அனுபவமேயாகும். அதுவும் எடுபிடியாக நின்ற காலம் கணக்கில் சேராது, பிறர் மேற்பார்வையின்றித் தாமே வேலையைச் செய்து முடிக்கும் தேர்ச்சி பெற்ற பின் கழிந்த காலமே சேரும். படிப்பு இந்த அனுபவத்தில் அதிகபட்சம் 3 ஆண்டுகளை ஈடுசெய்யலாமே தவிர, முழுவதற்கும் மாற்றாகாது. இதன்மேல் சட்டமும் வணிகமும் பற்றி ஒன்று, தொழில் பற்றி ஒன்று என இரு தேர்வுகளும் கைரேகைச் சோதனையும் உண்டு. தகுதியுள்ள ஒருவரின் பெயரை மட்டும் இரவல் வாங்கி நிறுவனம் நடத்தலாம் என்ற குறுக்குவழியும் செல்லாது. பொறுப்பு மேலாளராகக் காட்டப்படும் பணியாளர் வாரத்துக்கு 32 மணி நேரமோ நிறுவனத்தின் வேலை நேரத்தில் 80 விழுக்காடோ உண்மையிலேயே அங்குப் பணியாற்ற வேண்டும்.

எல்லாவற்றினும் ஆழமான தவறு பிணையைக் காப்பீடாக எண்ணுவது. காப்பீடு என்பது இருவருக்கு இடையிலான ஏற்பாடு; தவணை கட்டியவருக்கு இழப்பு நேர்ந்தால் நிறுவனம் அதைத் தானே தாங்கிக்கொள்ளும். பிணையிலோ மூவர் உண்டு: கடமைப்பட்டவராகிய ஒப்பந்ததாரர், அவருக்காக ஜாமீன் நிற்கும் பிணை நிறுவனம், பாதிக்கப்பட்டால் உரிமை கோரத்தக்கவர். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர், கடன்காரர் கைவிரித்தால் தாம் கட்டிவிட்டுப் பின் அவரிடமே வசூலிக்க முனைவதை இதற்கு ஒப்பிடலாம். பிணை நிறுவனமும் வீட்டுக்காரருக்குக் கொடுத்த தொகையை ஒப்பந்ததாரரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையை முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்கிறது. அவர் ஆண்டுதோறும் செலுத்துவது அந்த ஜாமீனுக்கான கட்டணம் மட்டுமே. அதன் அளவும் பெரிதும் அவருடைய கடன் நாணயத்தைப் பொறுத்தே அமைகிறது.

அந்தப் பிணைத் தொகையும் பெரிதன்று. 15,000 டாலராக இருந்தது 2023 ஜனவரி முதல் 25,000 டாலராக உயர்த்தப்பட்டது. 80,000 டாலருக்குச் சமையலறையைப் புதுப்பிக்க ஒப்புக்கொண்ட ஒருவர், பழைய அலமாரிகளைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பாதியில் மறைந்தார் என்று வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்காரர் தம் இழப்பை மெய்ப்பித்தாலும் 25,000 டாலருக்கு மேல் பிணையிலிருந்து பெற இயலாது. அதே ஒப்பந்ததாரர்மீது வேறு வீட்டுக்காரர்களும், கூலி கிடைக்காத தொழிலாளர்களும் உரிமை கோரினால் அந்தத் தொகைதான் அத்தனை பேருக்கும் பங்காகும்; வீட்டுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பிணை இல்லை. ஒரு குறிப்பிட்ட வேலை முடிவதற்கு உறுதி தரும் நிறைவேற்றுப் பிணை வேறு வகையைச் சேர்ந்தது. 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டம் கூட்டரசின் பெரிய கட்டுமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தனியார் வீட்டில், கேட்டு வாங்கினாலன்றி அது இராது.

பொதுப் பொறுப்புக் காப்பீடும் உரிமத்தோடு கூடவே வருவதில்லை. வரையறுத்த பொறுப்பு நிறுவனமாகப் பதிவு செய்தவர்களுக்கே வாரியம் அதைக் கட்டாயமாக்கியுள்ளது. தனி உரிமையாளராகத் தொழில் செய்பவரிடம் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. உரிமத்துக்காக ஒப்படைத்த பிணையை விளம்பரத்தில் குறிப்பிடுவதே உரிமத்தை நிறுத்திவைக்கப் போதுமான காரணம் என்கிறது கலிபோர்னியச் சட்டம். உரிம எண்ணை விளம்பரத்தில் கட்டாயம் காட்ட வேண்டும். ‘பிணை உள்ளவர்’ என்று பறைசாற்றக் கூடாது. இந்தச் சிறிய தொகையை மக்கள் பெரிய அரணாக எண்ணி ஏமாறக்கூடும் என்பதைச் சட்டம் இயற்றியோர் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

சிறு வேலைக்கு உரிமம் வேண்டாம் என்பது அரை உண்மை. 2025 ஜனவரி முதல், கூலியும் பொருளும் சேர்ந்து 1,000 டாலருக்குக் குறைவாகவும், கட்டட அனுமதி தேவைப்படாததாகவும், உதவிக்கு வேறு ஆளை அமர்த்தாமல் செய்வதாகவும் இருந்தால் மட்டுமே விலக்கு உண்டு. பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கிக் கணக்குக் காட்டுவது எடுபடாது. உரிமம் இன்றி வேலை செய்தவர் கூலி கேட்டு வழக்குத் தொடுக்க முடியாது; வாங்கியதையும் திருப்பித் தர நேரலாம். வேலை கொடுத்தவர் விவரம் அறிந்தே கொடுத்தார் என்ற வாதமும் உதவாது. பாம் ஸ்பிரிங்ஸ் நீர்ப்பூங்கா ஒன்றில் அலைக்குளம் அமைத்த வெளிமாநில நிறுவனம், பணம் தருவதாகப் பொய்யாக உறுதியளித்து ஏமாற்றினர் என்று முறையிட்டபோதும், உரிமம் இல்லாத காரணத்தால் 1991இல் மாநில உச்ச நீதிமன்றம் அதன் கோரிக்கையை ஏற்கவில்லை.

வீட்டுக்காரருக்கு உண்மையான பாதுகாப்பு, அதிகம் பேசப்படாத வேறொரு விதியில் இருக்கிறது: வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தங்களில் முன்பணம் பொதுவாக மொத்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன 80,000 டாலர் சமையலறைக்கு வேலை தொடங்கும் முன் கேட்கத்தக்கது 1,000 டாலர்தான்.