செவிக்கும் திறக்கும் இணையம்

நுழையும்முன்

இணையப்பக்கத்தைக் கண்ணால் காண்பவருக்கு அதன் வண்ணமும் வடிவமும் வழிகாட்டுகின்றன. காதால் கேட்டறிபவருக்கோ சொற்களே வழிகாட்டி. அச்சொற்கள் இல்லாத இடத்தில் பக்கம் மௌனமாகிவிடுகிறது. அந்த மௌனத்தால் ஒருவர் இழப்பது என்ன, அதனை நீக்குவது எவ்வாறு என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிட்னியில் எழுந்த வழக்கு

2000ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடைபெற்றன. அவற்றுக்கென உருவாக்கப்பட்ட இணையதளத்தைப் பார்வையற்றவரான புரூஸ் மகுவாயரால் முழுமையாகப் பயன்படுத்த இயலவில்லை. திரையில் உள்ள எழுத்துகளைத் தொட்டுணரும் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றித் தரும் கருவியின் துணையோடு அவர் கணினியைப் பயன்படுத்தி வந்தார். தளத்தில் இருந்த படங்கள் பலவற்றுக்கு எழுத்து விளக்கம் இல்லை. போட்டி முடிவுகளின் அட்டவணைகளும் அவருக்கு எட்டவில்லை.

1999ஆம் ஆண்டு அவர் அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். தளத்தைத் திருத்துவதற்குப் பெருஞ்செலவும் நீண்ட காலமும் ஆகும் என்று போட்டி அமைப்புக்குழு வாதிட்டது. ஆணையம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. போட்டி தொடங்கும் செப்டம்பர் 15ஆம் நாளுக்குள் குறைகளைக் களையுமாறு ஆணையிட்டது. அவ்வாணை முழுமையாக நிறைவேற்றப்படாமையால் மகுவாயருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயிற்று. அதற்குள் போட்டிகள் முடிந்துவிட்டன. உலகமே பின்தொடர்ந்த அந்நாள்களை எந்த இழப்பீட்டாலும் மீட்டுத்தர இயலவில்லை.

திரைபடிப்பான் இயங்கும் முறை

பார்வையற்றோர் பலர் இன்று திரைபடிப்பான் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். திரையில் உள்ள எழுத்துகளை அது குரலாக மாற்றி ஒலிக்கிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது.

திரைபடிப்பான் பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை; அதன் பின்னணியில் உள்ள குறிமொழியையே படிக்கிறது. பெரிய எழுத்தில் அமைந்திருப்பதனால் மட்டும் ஒரு வரியைத் தலைப்பு என்று அது கொள்வதில்லை. குறிமொழியில் 'தலைப்பு' எனக் குறித்திருந்தால், பயனர் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்லலாம். குறிக்காவிடில் முழுப்பக்கத்தையும் வரிவரியாகக் கேட்க நேரும்.

சிறு திருத்தங்கள், பெரும்பயன்

படத்துடன் இணைக்கப்படும் எழுத்து விளக்கம் மாற்றுரை எனப்படும். தஞ்சைப் பெரிய கோயிலின் படத்திற்கு மாற்றுரை இல்லையெனில், திரைபடிப்பான் 'படம்' என்றோ, பொருளற்ற கோப்புப் பெயரையோ ஒலிக்கும். 'மாலை ஒளியில் தஞ்சைப் பெரிய கோயில் விமானம்' என்று எழுதினால் கேட்பவர் மனத்தில் காட்சி எழும்.

மதிப்பெண் அட்டவணையில் நிரல் தலைப்புகளை முறையாகக் குறிக்காவிடில், '78, 85, 91' என எண்கள் மட்டும் ஒலிக்கும். எது எந்தப் பாடத்தின் மதிப்பெண் என்பது விளங்காது. 'இங்கே அழுத்துக' என்னும் இணைப்புகள் பத்து இருப்பின் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. 'தேர்வு முடிவுகள்', 'விண்ணப்பப் படிவம்' என்று எழுதுதல் வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு வேறு சில தேவைகளும் உண்டு. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் உள்ள தமிழைத் திரைபடிப்பான் பொருளற்ற ஒலிகளாகவே படிக்கும். நூலின் பக்கங்களைப் படமாக வருடி வெளியிட்டால், எழுத்துணரித் தொழில்நுட்பம் கொண்டு அவற்றை எழுத்தாக மாற்றாதவரை படிப்பதற்கு எழுத்தே இராது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிமொழியில் அறிவித்தால் திரைபடிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ளும்.

நெறியும் உரிமையும்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999ஆம் ஆண்டில் இணைய அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது. ஒரு தளம் உணரத்தக்கதாய், இயக்கத்தக்கதாய், புரியத்தக்கதாய், உறுதியானதாய் அமைதல் வேண்டும் என்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு வகுத்துரைத்தது. மின்னணு ஊடக உள்ளடக்கங்கள் அணுகத்தக்க வடிவில் கிடைப்பதை அரசு உறுதிசெய்தல் வேண்டும் என்று இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கூறுகிறது. எண்ம அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் கூறு என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேமரா முன் கண் இமைத்துக் காட்டுமாறு கோரும் அடையாளச் சரிபார்ப்பு முறையால் பார்வையற்றோரும் அமில வீச்சில் பாதிக்கப்பட்டோரும் உற்ற இடர்களே அவ்வழக்கிற்குக் காரணம்.

தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, வங்கிக் கணக்கு அனைத்தும் இணையத்திற்குள் வந்துவிட்ட காலம் இது. அதன் வாயில் ஒருவருக்கு அடைபட்டிருப்பின், அக்குறை அவர் கண்ணில் இல்லை. வாயிலை அமைத்தவரின் வேலைப்பாட்டில் இருக்கிறது. அதனைத் திருத்தப் பல வேளைகளில் ஒரு வரி விளக்கமே போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி விழாவின் ஒளிப்படம் ஒன்றுக்கு இருபது சொற்களுக்கு மிகாமல் மாற்றுரை எழுதுக. அதனைப் படத்தைக் காணாத நண்பரிடம் படித்துக்காட்டி, அவர் மனத்தில் எழுந்த காட்சியைக் கேட்டறிக.

2. சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் கொண்டு ஓர் இணையதளத்தில் உலவுக. எதிர்கொண்ட தடைகளை வகுப்பில் பகிர்க.