நளதத் தைலமும் நம்மைக் குணமாக்கும் கர்த்தரும்

வேதபாடம்: மாற்கு 14:3-9, யோவான் 12:1-8, யாக்கோபு 5:14,15



பெத்தானியாவில் இயேசுவுக்கு ஊற்றப்பட்ட நளதத் தைலத்தைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். நளதம் என்றால் என்ன? அதில் சுகம் இருக்கிறதா? வேத வெளிச்சத்தில் தியானிப்போம்.

1. நளதம் எங்கிருந்து வந்தது?

இது இமயமலையில் 3,000 மீட்டருக்கு மேலே வளரும் சிறிய செடி. நாட்டு மருந்துக் கடையில் சடாமாஞ்சில் என்று கேளுங்கள். முடி மாதிரி நார் சுற்றின காய்ந்த வேரை எடுத்துக் கொடுப்பார்கள். அதை நீராவியில் வடித்தால் தைலம். அவ்வளவு தூரத்துச் சரக்கு என்றால் விலை சும்மாவா? மரியாள் கொண்டுவந்தது ஒரு இராத்தல், அதாவது ஏறக்குறைய 325 கிராம். மதிப்பு 300 பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பாத்தியம்!

2. பாரம்பரிய வைத்தியத்தில்

தூக்கமின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும் நம் முன்னோர் இந்த வேரைக் கொடுத்தார்கள். முடி வளர எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவதும் உண்டு. வடித்த தைலம் காரமானது. சில துளிகளைத் தேங்காய் எண்ணெயில் கலந்துதான் தடவ வேண்டும், குடிக்கக் கூடாது. கர்ப்பவதிகளும் சிறுபிள்ளைகளும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். வேரோடு பிடுங்கிப் பிடுங்கிச் செடி அருகிவிட்டதால், 1997 முதல் இதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே மலிவாகக் கிடைத்தால் கலப்படமோ என்று பாருங்கள்.

3. வேதத்தில் எண்ணெய்

மருந்தாக: நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான் (லூக்கா 10:34).

விசுவாச அடையாளமாக: மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள், எழுப்புகிறவரோ கர்த்தர் (யாக்கோபு 5:14,15). எந்த எண்ணெய், என்ன விலை என்று யாக்கோபு எழுதவே இல்லை.

ஆராதனையாக: குஷ்டரோகியாயிருந்த சீமோனின் வீட்டில்தான் நளதம் ஊற்றப்பட்டது. அங்கே ஒரு துளிகூட வியாதிக்கு மருந்தாகப் பூசப்படவில்லை. இயேசுவின் அடக்கத்துக்கென்று முழுவதும் அவருக்கே போயிற்று (மாற்கு 14:8).

4. நமக்கு என்ன?

ஜெபத்துக்கு வந்த ஒரு தாயார், "பாஸ்டர், பையனுக்கு வலிப்பு மாத்திரையை நிறுத்திட்டோம், அபிஷேகத் தைலம்னு கொடுத்தாங்க, அதைத்தான் தடவுறோம்" என்றார்கள். பையனுக்காகக் கைவைத்து ஜெபித்தேன். அன்றைக்கே டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பவுலோடு ஊழியத்தில் இருந்த லூக்கா ஒரு வைத்தியன் அல்லவா (கொலோசெயர் 4:14)?

தேவபிள்ளைகளே, தைலம் தேவன் படைத்தது. ஸ்தோத்திரத்தோடு அளவாய்ப் பயன்படுத்துங்கள். ஆனால் குப்பியை நம்பாதீர்கள். சுகத்தை விலை பேசுகிறவர்களிடம் போகாதீர்கள். கல்வாரியில் கிரயம் ஏற்கெனவே செலுத்தப்பட்டாயிற்று.

ஜெபம்: ஆண்டவரே, என் விசுவாசம் எண்ணெயின்மேல் அல்ல, உம்மேல் இருக்கச் செய்யும். ஆமென்.