கேம்ஸ் விளையாட எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றாலே கிராபிக்ஸ் கார்டு எது, ராம் எவ்வளவு, மானிட்டர் எத்தனை அங்குலம் என்றுதான் பேச்சு போகும். ஸ்பீக்கர் கடைசியில்தான் வரும். பட்ஜெட்டில் மீதி இருக்கும் பணத்துக்குக் கடைக்காரர் எடுத்துத் தரும் பெட்டியை வாங்கி வந்துவிடுகிறோம். ஆனால் விளையாட்டில் முதுகுக்குப் பின்னால் வரும் எதிரியை மானிட்டர் காட்டாது. காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

உறவினர், நண்பர்கள் வீடுகள் சிலவற்றில் ஸ்பீக்கர் தேர்ந்தெடுக்கவும் பொருத்தவும் உதவியிருக்கிறேன். எல்லோரும் கேட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். 2.0 போதுமா? 2.1 வேண்டுமா? 5.1 வாங்கினால்தான் திசை தெரியுமா? வாட்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்? இவற்றுக்கான விடைகளை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

எண்களின் பொருள்

2.0 என்றால் இடது, வலது என இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும். 2.1 என்றால் அவற்றுடன் தாழ்ந்த ஒலிக்கான சப்-ஊஃபர் ஒன்று. 5.1 என்றால் முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, ஒரு சப்-ஊஃபர். 7.1 என்றால் கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் 1 என்பது தாழ்ந்த ஒலியை மட்டும் சுமக்கும் தனிச் சேனலைக் குறிக்கிறது.

சினிமா பார்க்க 5.1 வாங்குவதும் கேம்ஸ் விளையாட 5.1 வாங்குவதும் ஒன்றல்ல. சினிமாவில் எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கரில் வர வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்து பதிந்து விடுகிறார்கள். கேம்ஸில் அப்படி முடியாது. நீங்கள் மவுஸை இடது பக்கம் நகர்த்தினால், முன்னால் கேட்ட சத்தம் அந்த நொடியே வலது பக்கம் போக வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வொரு கணமும் கேம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

முன்பு இந்த வேலையில் பெரும்பங்கு சவுண்ட் கார்டுக்கு இருந்தது. 1998-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் கார்டும் அதன் இ.ஏ.எக்ஸ். வசதியும் பலருக்கு நினைவிருக்கும். 2007-ல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், முப்பரிமாண ஒலியை சவுண்ட் கார்டின் ஹார்ட்வேருக்கு நேரடியாக அனுப்பும் வழியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதன் பிறகு கேம்ஸ் இந்த வேலையைப் பெரும்பாலும் சாஃப்ட்வேரிலேயே செய்து கொள்கின்றன. எனவே திசை தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் விலை உயர்ந்த சவுண்ட் கார்டு வாங்க வேண்டியதில்லை. மதர்போர்டில் உள்ள ஒலி வசதியே போதும்.

காது திசையை எப்படி அறிகிறது?

வலது பக்கம் இருந்து வரும் சத்தம் வலது காதை முதலில் அடைகிறது. இடது காதுக்கு அது சற்றுத் தாமதமாகவும், தலை மறைப்பதால் சற்றுக் குறைவாகவும் வருகிறது. இந்தத் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அதிகபட்சம் 0.6 அல்லது 0.7 மில்லிசெகண்ட்தான். மூளைக்கு அதுவே போதும்.

முன்னா, பின்னா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். நேர் முன்னால் வரும் சத்தமும் நேர் பின்னால் வரும் சத்தமும் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில் அடைகின்றன. காது மடலின் வடிவம் ஒலியில் செய்யும் சிறு மாற்றங்களையும், நாம் தலையைத் திருப்பும்போது ஏற்படும் வேறுபாட்டையும் வைத்துத்தான் மூளை இதை முடிவு செய்கிறது.

இதிலிருந்து ஸ்பீக்கர் பற்றிய முக்கியமான விடை கிடைக்கிறது. இரண்டு ஸ்பீக்கர்களையும் முன்னால் வைத்தால் இடது, வலது நன்றாகத் தெரியும். பின்னால் வரும் எதிரியின் சத்தமும் முன்னால்தான் கேட்கும். கேமில் சற்றுத் திரும்பிப் பார்த்து உறுதி செய்து கொள்ள வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் உண்மையாகவே பின்னால் இருந்தால் இந்தக் குழப்பம் தீரும். இல்லையென்றால் நல்ல ஹெட்போன் வேண்டும். அதில் காது மடலின் விளைவை சாஃப்ட்வேரே கணக்கிட்டுச் சேர்த்துவிடும். கேம் செட்டிங்ஸில் ஹெச்.ஆர்.டி.எஃப். என்று குறிப்பிடுவது இதைத்தான்.

முதலில் அறையை அளந்து பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு டேப் எடுத்து அறையை அளந்து விடுங்கள். 5.1 வாங்குவதா வேண்டாமா என்பதை உங்கள் பணத்தைவிட உங்கள் நாற்காலிதான் முடிவு செய்யும். பின் ஸ்பீக்கர்கள் காதுக்கு நேராக அல்லாமல் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். நேர் முன்பக்கத்திலிருந்து 100 முதல் 120 டிகிரி வரை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் இடது, வலது பக்கம் 30 டிகிரியில் இருக்க வேண்டும். உங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே சுவரோ கட்டிலோ பீரோவோ இருந்தால் பின் ஸ்பீக்கருக்கு இடம் இல்லை என்று பொருள்.

பல வீடுகளில் 5.1 செட்டின் ஐந்து ஸ்பீக்கர்களும் மானிட்டரைச் சுற்றி மேஜை மேலேயே வரிசையாக நிற்பதைப் பார்க்கிறேன். பெட்டியில் வந்த ஒயர் எட்டவில்லை என்பார்கள். இப்படி வைத்தால் பின்னால் வரவேண்டிய சத்தம் முன்னால் வரும். 2.0 செட்டைவிடவும் இது மோசம். கேம் சரியான திசையைச் சொல்லும், ஸ்பீக்கர் தவறான திசையைச் சொல்லும்.

என் அக்கா மகன் கல்லூரி விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் 5.1 வாங்கத் தயாராக இருந்தான். அவன் அறை பத்துக்குப் பத்து. நாற்காலிக்குப் பின்னால் அரை அடியில் கட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டி தூங்குகிறார். அளந்து பார்த்துவிட்டு, நல்ல 2.0 ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் ஒரு ஹெட்போனும் வாங்கச் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது. இப்போது பகலில் ஸ்பீக்கர், இரவில் ஹெட்போன். பாட்டியும் தூங்குகிறார், அவனுக்கும் காலடிச் சத்தம் கேட்கிறது.

2.0 அல்லது 2.1 வைப்பதற்கு விதி எளிது. உங்கள் தலையும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் இருந்து 80 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் ஸ்பீக்கர்களுக்கு இடையிலும் 80 செ.மீ. இருக்கட்டும். ஸ்பீக்கரின் முகம் காதைப் பார்க்க வேண்டும். மேஜை மேல் வைக்கும்போது அடியில் ஒரு தடித்த புத்தகம் கொடுத்துச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் ஒலி தெளிவாகும். ஒரே பட்டையாக வரும் சவுண்ட்பாரில் இடதும் வலதும் நெருக்கமாக இருப்பதால் திசை அவ்வளவாகப் பிரியாது.

சப்-ஊஃபரை எங்கே வைப்பது?

மிகத் தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. எனவே சப்-ஊஃபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பார்கள். இது பாதிதான் உண்மை. சிறிய செட்களில் சாட்டிலைட் ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்பதால், நடுத்தர ஒலியிலும் ஒரு பகுதியை சப்-ஊஃபரே ஏற்கிறது. அதைத் தூரத்து மூலையில் வைத்தால் குரல்கள் அந்த மூலையில் இருந்து வருவதுபோல் தோன்றும். முன்பக்கத்திலேயே, மேஜைக்குக் கீழே வைப்பது நல்லது.

அறையின் பங்கும் உண்டு. 3 மீட்டர் நீள அறையில் 57 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி சுவர்களுக்கிடையே எதிரொலித்து வீங்கும். மூலையில் வைத்தால் இந்த 'தும் தும்' இன்னும் கூடும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சப்-ஊஃபரை நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து, தாழ்ந்த ஒலி தொடர்ந்து வரும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். தரையோடு குனிந்து மேஜையைச் சுற்றி நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் வீக்கம் இல்லாமல் சீராகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் சப்-ஊஃபரை வையுங்கள்.

சப்-ஊஃபரின் அளவைக் கூட்டி வைக்காதீர்கள். தாழ்ந்த ஒலி பலமாக இருக்கும்போது அதற்கு மேல் உள்ள மெல்லிய ஒலிகள் மறைந்து போகும். குண்டு வெடிக்கும் அதிர்வு சுகமாக இருக்கும், ஆனால் அதற்கடியில் வரும் காலடிச் சத்தம் காதில் விழாது. தவிர, சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவதும் இந்த ஒலிதான்.

வாட்ஸ் கணக்கு

அட்டைப் பெட்டியில் 3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே அளவுகோல் கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அது பெட்டியில் இல்லையென்றால் ஸ்பீக்கரின் பின்பக்கமோ அடாப்டரிலோ எத்தனை வாட்ஸ் மின்சாரம் எடுக்கிறது என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 25 வாட்ஸ் எடுக்கும் கருவி தொடர்ந்து 25 வாட்ஸுக்கு மேல் ஒலி தர முடியாது. உண்மையில் அதைவிடக் குறைவாகவே தரும்.

அதிக வாட்ஸ் என்றால் அதே அளவு அதிகச் சத்தம் என்பதும் இல்லை. 10 வாட்ஸை 20 வாட்ஸ் ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். மூன்றடி தூரத்தில் உட்கார்பவருக்குப் பக்கத்துக்கு 10 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரின் தரத்தில் போடுங்கள்.

இணைப்பதில் கவனிக்க வேண்டியவை

5.1 செட்டில் மூன்று 3.5 மி.மீ. பிளக்குகள் வரும். நிறக் குறியீடு உள்ள மதர்போர்டுகளில் பச்சை முன் ஸ்பீக்கர், கறுப்பு பின் ஸ்பீக்கர், ஆரஞ்சு நடு ஸ்பீக்கர் மற்றும் சப்-ஊஃபர். மூன்று ஜாக்குகள் மட்டும் உள்ள போர்டுகளில் பலவற்றில் நீலமும் இளஞ்சிவப்பும் செட்டிங்ஸில் மாறி இந்த வேலையைச் செய்யும். அப்போது மைக்கை முன்பக்க ஜாக்கில் செருக வேண்டும். லேப்டாப்பில் பொதுவாக ஒரே ஜாக்தான் என்பதால், 5.1-க்கு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு தேவை.

ஆப்டிகல் ஒயரில் இணைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் சுருக்கப்படாத ஒலி இரண்டு சேனல்களுக்குத்தான் இடம் உண்டு. சினிமா டிஸ்க்கில் டால்பி டிஜிட்டல் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருப்பதால் 5.1 வந்துவிடும். கேம்ஸின் ஒலி அந்தந்தக் கணம் உருவாவதால், அதை உடனுக்குடன் சுருக்கும் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டி.டி.எஸ். கனெக்ட் வசதி போர்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் ஸ்டீரியோதான் கேட்கும்.

புளூடூத் ஸ்பீக்கரைக் கேம்ஸுக்குத் தவிர்த்து விடுங்கள். 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் அதில் சாதாரணம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் அது ஆறு ஃபிரேம். நீங்கள் சத்தத்தைக் கேட்பதற்குள் எதிரி சுட்டிருப்பான்.

விண்டோஸில் செய்ய வேண்டியது

கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதியைத் திறந்து, பிளேபேக் டேபில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் பட்டனை அழுத்துங்கள். ஸ்டீரியோ, 5.1 என்ற பட்டியலில் உங்களிடம் இருப்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கும். இடம் மாறி ஒலித்தால் பிளக்கை மாற்றிச் செருகுங்கள். பிறகு கேமின் ஆடியோ செட்டிங்ஸிலும் இதையே தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரில் கேட்கும்போது ஹெட்போனுக்கான ஹெச்.ஆர்.டி.எஃப்., விண்டோஸ் சோனிக் போன்றவற்றை நிறுத்திவிடுங்கள். ஹெட்போனிலும் இவற்றில் ஒன்று மட்டும் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பும்.

கடைசியாக ஒரு சோதனை. கேமில் நீரூற்று, ஜெனரேட்டர் போல் தொடர்ந்து சத்தம் தரும் ஒன்றின் அருகில் நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு மவுஸை மெதுவாக நகர்த்தி ஒரு முழு வட்டம் திரும்புங்கள். சத்தம் உங்களைச் சீராகச் சுற்றி வர வேண்டும். எங்காவது தாவினாலோ ஒரு பக்கம் மறைந்தாலோ ஸ்பீக்கரின் இடத்தையோ கோணத்தையோ திருத்துங்கள்.

காதும் முக்கியம்

85 டெசிபல் சத்தத்தை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது தொழிற்சாலைகளுக்கான ஒரு பரிந்துரை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. ஹெட்போனில் பிள்ளைகள் எவ்வளவு சத்தம் வைக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியாது. ஸ்பீக்கரில் தெரிந்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே வீட்டில் இரண்டும் இருக்கட்டும் என்பேன். காதில் போன கேட்கும் திறன் திரும்ப வராது.

யாருக்கு எது?

சிறிய அறை, சுவரை ஒட்டிய நாற்காலி, போட்டி கேம்ஸ் என்றால் 2.0 ஸ்பீக்கரும் ஹெட்போனும். அதே கம்ப்யூட்டரில் வீட்டார் பாட்டும் படமும் பார்ப்பார்கள் என்றால் 2.1. நாற்காலிக்குப் பின்னால் குறைந்தது மூன்றடி இடம், ஒயர் ஓட்ட வழி, மதர்போர்டில் ஜாக்குகள் மூன்றும் இருந்தால் மட்டும் 5.1. வீட்டு அறைக்கு 7.1 பெரும்பாலும் தேவைப்படாது.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது, கடைக்காரர் போடும் 'தும் தும்' பாட்டை நம்பாதீர்கள். நீங்கள் விளையாடும் கேமின் ஒரு காட்சியைப் பதிவு செய்து பென் டிரைவில் கொண்டு போங்கள். வெடிச் சத்தத்துக்கு நடுவே காலடிச் சத்தம் தெளிவாகக் கேட்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.